ஜோ பை யார்? ஒரு காட்டுப் பூவின் பெயரும் அதற்கு உரியவரும்

ஆகஸ்ட் பிறந்ததும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஓடைக்கரைகளும் சதுப்பு ஓரங்களும் இளஞ்சிவப்பாக மாறுகின்றன. அந்த நிறத்தைத் தருவது ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் ஒரு செடி. தண்டு நேராக, கிளை அதிகம் இல்லாமல் ஓங்கி நிற்கும். ஒவ்வொரு கணுவிலும் மூன்று முதல் ஏழு வரை இலைகள் தண்டைச் சுற்றி வட்டமாக விரிந்திருக்கும். உச்சியில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் திரண்ட ஒரு பெரிய கொத்து. ஒவ்வொரு பூவிலிருந்தும் மெல்லிய இழைகள் வெளியே நீண்டிருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் கொத்து முழுவதும் புகை படிந்தது போல மங்கலாகத் தெரியும். பட்டாம்பூச்சிகளுக்கு இந்தப் பூவின் மேல் தனி ஈர்ப்பு. புலி வரிகள் கொண்ட பெரிய மஞ்சள் பட்டாம்பூச்சிகள் ஒரே கொத்தில் நாலைந்தாகக் கூடி அமர்வதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இந்த இனத்தில் ஒரு வகையின் இலையைக் கசக்கி முகர்ந்தால் வெனிலா மணக்கும்.

அங்குள்ளவர்கள் இதை 'ஜோ பை வீட்' என்கிறார்கள். 'வீட்' என்றால் களை. ஜோ என்பது ஜோசப்பின் செல்லச் சுருக்கம். பை என்பது குடும்பப் பெயர் போல ஒலிக்கிறது. அப்படியானால் ஒரு மனிதனின் பெயர் செடிக்கு வந்திருக்கிறது. அந்த மனிதன் யார்? அப்படி ஒருவன் இருந்தானா? இரண்டு நூற்றாண்டுகளாக மூலிகை நூல்களும் அகராதிகளும் தாவரவியலாளர்களும் இந்தக் கேள்விக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத பதில்களைச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எது நிற்கிறது, எது விழுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பெரும்பாலான புத்தகங்கள் சொல்லும் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். மாசசூசெட்ஸில், வெள்ளையர் குடியேற்றக் காலத்தில், ஜோ பை என்றொரு பூர்வகுடி வைத்தியர் இருந்தார். ஊரில் கொள்ளைக் காய்ச்சல் பரவியது. இந்தச் செடியைக் கஷாயம் வைத்துக் கொடுத்து அவர் மக்களைக் காப்பாற்றினார். நன்றி மறவாத ஊரார் செடிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் விவரங்களுக்குள் போனால் ஒன்றும் நிலையாக இல்லை. ஒரு நூலில் அது டைபாய்டு, இன்னொன்றில் டைஃபஸ். சில நூல்களில் அவர் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் சேலம் நகரத்தார்; வேறு சில நூல்களில் ஊர் பெயரே இல்லை. அவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர், எந்த ஆண்டில் வாழ்ந்தார், அவருக்குத் தாய்மொழியில் என்ன பெயர் என்று கேட்டால் கதை வாய் திறக்காது.

இந்தக் கதை ஏன் அவ்வளவு எளிதாகப் பரவியது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'இந்திய வைத்தியர்' என்பது ஒரு விற்பனை முத்திரை. 1881-இல் வெள்ளையர் தொடங்கிய கிக்கபூ இந்திய மருந்து கம்பெனி, பூர்வகுடி மக்களை மேடையில் நிறுத்தி ஊர் ஊராக மருந்து விற்றது. காட்டின் ரகசியம் அறிந்த, வெள்ளையருக்கு உதவி செய்துவிட்டு மறைந்துபோகும் நல்ல மனிதர் என்ற ஓர் உருவம் வாசகர்கள் மனத்தில் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. ஜோ பை என்ற பெயர் அந்த உருவத்தின் மேல் ஒட்டவைக்கப்பட்டது. அவருக்கு நிலம் இல்லை, குடும்பம் இல்லை, அரசியல் இல்லை. ஒரு கஷாயம் மட்டும் உண்டு. இந்தக் கதையின் மேல் எனக்குள்ள வருத்தமே அதுதான்.

1945-இல் ஃபிராங்க் ஸ்பெக், எர்னெஸ்ட் டாட்ஜ் என்ற இருவர் 'சயின்டிஃபிக் மன்த்லி' இதழில் இந்த விஷயத்தை எடுத்து எழுதினார்கள். ஸ்பெக், ஆல்கொங்கியன் மொழிக் குடும்பத்து மக்களிடையே ஆயுள் முழுவதும் களப்பணி செய்த மானிடவியலாளர். டாட்ஜ், சேலம் நகரத்தின் பீபாடி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர். கட்டுரையின் தலைப்பிலேயே 'கட்டுக்கதை' என்ற சொல்லை வைத்துவிட்டார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. அமெரிக்கக் காட்டுப் பூக்களில் மனிதப் பெயர் தாங்கியவை நிறைய உண்டு. 'கறுங்கண் சூசன்' இருக்கிறாள், 'பிரசங்க மேடை ஜாக்' இருக்கிறான். சூசன் என்று ஒருத்தியும் ஜாக் என்று ஒருவனும் நிஜத்தில் இருந்ததில்லை. பூவின் தோற்றத்துக்கு ஏற்ப யாரோ வைத்த விளையாட்டுப் பெயர்கள் அவை. ஜோ பையும் அந்த வரிசையில் ஒருவனாக இருக்கலாம் என்று நினைப்பதில் தவறில்லை.

இந்தச் சந்தேகம் இன்னொரு விளக்கத்துக்கும் இடம் கொடுத்தது. 'ஜோ பை' என்பது ஆள் பெயரே அல்ல. 'ஜோபை' அல்லது 'ஜோபி' என்ற பூர்வகுடிச் சொல்லின் திரிபு. அந்தச் சொல்லுக்கு டைபாய்டு என்று பொருள். காய்ச்சலுக்குப் பயன்பட்ட செடிக்குக் காய்ச்சலின் பெயர் வந்தது, ஆங்கிலேயர் காதில் அது ஓர் ஆள் பெயராக விழுந்துவிட்டது என்கிறது அந்த விளக்கம். கேட்பதற்கு இது அறிவியல் போல இருக்கிறது. கதையை நம்பத் தயங்கியவர்கள் பலர் இதை நம்பினார்கள். இன்றும் பல நூல்களில் இதைக் காணலாம்.

இந்த விளக்கம் காலக்கணக்கிலேயே இடறுகிறது. டைபாய்டை ஒரு தனி நோயாக மருத்துவ உலகமே மிகத் தாமதமாகத்தான் அடையாளம் கண்டது. பாரிஸில் பியர் லூயி 1829-இல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். டைஃபஸ் வேறு, டைபாய்டு வேறு என்று ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜெரார்டு தெளிவாகப் பிரித்துக் காட்டியது 1837-இல். ஆனால் செடியின் பெயர் அதற்கு முன்பே, 1818 அளவிலேயே அச்சில் வந்துவிட்டது. ஐரோப்பிய மருத்துவர்களே பிரித்தறியாத ஒரு நோய்க்குக் காட்டுக் குடி ஒன்று தனிச் சொல் வைத்திருந்தது, அதை ஆங்கிலேயர் 'டைபாய்டு' என்று சரியாக மொழிபெயர்த்தும் கொண்டார்கள் என்றால் நம்ப முடியுமா? சொல் எந்த மொழியைச் சேர்ந்தது என்பதையும் இந்த விளக்கம் சொல்வதில்லை. வெறுமனே 'இந்தியச் சொல்' என்கிறது. நூற்றுக்கணக்கான மொழிகள் பேசப்பட்ட ஒரு கண்டத்தில் அது பதிலே அல்ல.

ஒலி ஒற்றுமையை நம்பிப் பொருள் சொல்வதால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் செடியின் உறவினர் ஒன்றிடமே சான்று இருக்கிறது. அது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் மூல நோய்க்கும் ரத்தக்கசிவுக்கும் வளர்க்கப்படும் 'அய்யப்பனா' என்ற செடியும் பழைய வகைப்பாட்டில் ஜோ பை செடி இருந்த அதே யூபடோரியம் இனம்தான். பெயரைக் கேட்டால் சபரிமலை ஐயப்பன் நினைவுதான் வரும். உண்மையில் அது பிரேசிலின் துப்பி மொழிச் சொல்லான 'அயபானா'. செடி கடல் கடந்து வந்தபோது பெயரும் கூடவே வந்து, நம் ஊர் நாக்கில் தெய்வப் பெயரின் சாயலைப் பெற்றுக்கொண்டது. அங்கே ஒரு சொல் ஆளாக மாறியது. ஜோபி விளக்கமோ இதைத் தலைகீழாகச் செய்தது. வாழ்ந்த ஓர் ஆளைச் சொல்லாக மாற்றிவிட்டது.

ஆம், ஜோ பை வாழ்ந்தார். 2017-இல் ரிச்சர்ட் பியர்ஸ், ஜேம்ஸ் பிரிங்கிள் இருவரும் 'தி கிரேட் லேக்ஸ் பாட்டனிஸ்ட்' இதழில் வெளியிட்ட நீண்ட ஆய்வு இதை நிலைநாட்டியது. பிரிங்கிள், கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள ராயல் தாவரவியல் தோட்டத்தின் வகைப்பாட்டியலாளர். ஜோ பை என்பது ஜோசப் ஷாக்வெத்க்வீட் என்ற, மொஹிகன் பூர்வகுடித் தலைவரின் வழக்குப் பெயர் என்பது அவர்கள் முடிவு. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர் அவர். முதலில் மாசசூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜிலும், பிறகு நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்டாக்பிரிட்ஜிலும் இருந்தார். 'சேச்சம்' என்ற குடித்தலைவர் பதவி வகித்தவர்.

அச்சில் அந்தப் பெயர் வரும் இடத்தைப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. அமாஸ் ஈட்டன் என்ற தாவரவியலாளரின் 'மேனுவல் ஆஃப் பாட்டனி' நூலின் தொடக்கப் பதிப்புகளில்தான் அது இடம்பெறுகிறது. ஈட்டனின் வாழ்க்கையே ஒரு நாவல் போன்றது. நில விவகாரம் ஒன்றில் மோசடிக் குற்றம் சாட்டப்பட்டு நியூயார்க் சிறையில் சில ஆண்டுகள் கிடந்தார். சிறை அதிகாரி ஒருவரின் மகனுக்கு அங்கிருந்தபடியே தாவரவியல் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் அமெரிக்கத் தாவரவியலின் தூண்களில் ஒருவரான ஜான் டோரி. விடுதலையான பிறகு ஈட்டன் மாசசூசெட்ஸின் மேற்கு மூலையில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் விரிவுரை ஆற்றினார். அங்குள்ள மாணவர்களுக்காக 1817-இல் வந்ததே அந்தக் கையேடு. அவர் பிறந்தது நியூயார்க்கின் சாத்தம். சாத்தம், வில்லியம்ஸ் கல்லூரி, ஸ்டாக்பிரிட்ஜ் மூன்றையும் வரைபடத்தில் தேடினால் மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். அது மொஹிகன்களின் மண். கிழக்குக் கடற்கரைச் சேலத்தில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஜோ பை அகப்படாததில் வியப்பில்லை.

இனி அந்த மனிதர் வாழ்ந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் பெயரைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது.

ஸ்டாக்பிரிட்ஜ் ஹௌசடானிக் ஆற்றங்கரை ஊர். ஜான் சார்ஜென்ட் என்ற போதகர் 1734-இல் மொஹிகன்களிடையே அங்கே வேலையைத் தொடங்கினார். 1739-இல் அது முறைப்படி ஒரு நகரமாயிற்று. 'இந்திய நகரம்' என்பதுதான் ஏற்பாடு. முன்மாதிரியாக வாழ்ந்து காட்டுவதற்கு என்று சொல்லி, போதகருடன் நான்கு ஆங்கிலேயக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பிறகு நடந்ததை எந்தக் குடியேற்ற நாட்டு வரலாற்றைப் படித்தவரும் ஊகித்துவிடலாம். நான்கு குடும்பங்கள் பல ஆயின. மொஹிகன்களுக்குக் கடன் ஏறியது. கடனை அடைக்க நிலத்தை விற்கலாம் என்று சட்டம் வழிவிட்டது. நிலம் ஏக்கர் ஏக்கராகக் கை மாறியது.

அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்தபோது ஸ்டாக்பிரிட்ஜ் மக்கள் அமெரிக்கத் தரப்பில் நின்றார்கள். 1778 ஆகஸ்ட் 31 அன்று, இன்று நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியாக இருக்கும் இடத்தில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கி அவர்களின் வீரர்கள் வெட்டுண்டு மடிந்தார்கள். தலைவர் டேனியல் நிம்ஹாமும் அவர் மகன் ஆபிரகாமும் அன்றே இறந்தனர். போரில் வென்ற நாடு இவர்களுக்குச் சொந்த ஊரை மீட்டுத் தரவில்லை. 1780-களின் நடுவில் அவர்கள் ஸ்டாக்பிரிட்ஜை விட்டு வெளியேறினார்கள். ஒனைடா என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்தில் கொடுத்த இடத்தில் நியூ ஸ்டாக்பிரிட்ஜை அமைத்துக்கொண்டார்கள். ஷாக்வெத்க்வீட் தலைவராக இருந்தது இப்படி இடம்பெயர்ந்து வந்த ஒரு சமூகத்துக்குத்தான். நிலம், நீதி, தேவாலயம், அக்கம்பக்கத்துக் குடிகளோடு உறவு என்று அன்றாடம் முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு அது. 1794-இல் அமெரிக்க அரசு ஒனைடா, டஸ்கரோரா, ஸ்டாக்பிரிட்ஜ் மக்களோடு செய்த ஒப்பந்தம், போரில் அவர்கள் பட்ட இழப்புக்கு ஈடு தருவதாகச் சொன்னது. ஆனாலும் நியூயார்க்கிலும் அவர்கள் நிலைக்க முடியவில்லை. இந்தியானாவுக்குப் போனார்கள், அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த நிலமும் விற்கப்பட்டிருந்தது. அங்கிருந்து விஸ்கான்சின். இன்று ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி மொஹிகன் சமூகம் அந்த மாநிலத்தின் ஷவானோ வட்டத்தில் வாழ்கிறது.

'மொஹிகன்களில் கடைசி மனிதன்' என்று ஃபெனிமோர் கூப்பர் நாவல் எழுதியது 1826-இல். மொஹிகன்களையும் கனெக்டிகட்டின் மொஹீகன்களையும் ஒன்றாகக் குழப்பி எழுதப்பட்ட அந்த நாவல், அந்த மக்கள் முடிந்துபோனார்கள் என்ற எண்ணத்தை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே காலத்தில் அந்த மக்கள் விஸ்கான்சினில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பெயரில்லாத வைத்தியர் கதையும் 'கடைசி மனிதன்' கதையும் ஒரே மண்ணில் முளைத்தவை. இரண்டிலும் பூர்வகுடி மனிதர் வெள்ளையருக்கு உதவிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விடுகிறார்.

அப்படியானால் வைத்தியம் முழுப் பொய்யா? செடியின் மருத்துவப் பயன்பாடு பொய்யல்ல. ஊரையே காப்பாற்றிய அந்தக் கொள்ளைநோய்க் காட்சிதான் ஆதாரமின்றி நிற்கிறது. ஷாக்வெத்க்வீட் மூலிகை அறிந்தவராக இருந்திருக்கலாம். அவர் காலத்தில், அவர் சமூகத்தில் அது அரிதான அறிவு அல்ல. இந்தச் செடியைப் பல குடிகள் பல விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு நல்ல பதிவுகள் உண்டு. விஸ்கான்சின் ஒஜிப்வேக்கள் வேரைக் கொதிக்கவைத்த நீரில் ஆறு வயது வரை குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள், உடம்பு உறுதிப்படும் என்று. ஹூரன் ஸ்மித் 1932-இல் இதைப் பதிவு செய்தார். மெஸ்குவாக்கி ஆண்கள், மனம் கவர்ந்த பெண்ணிடம் பேசப் போகும்போது இதன் வேரை வாயில் போட்டு மெல்லுவார்கள் என்பதும் அவர் குறிப்புதான். செரோக்கி வைத்தியர்கள் இதன் நீண்ட தண்டைக் குழலாக்கி, மருந்து நீரை நோயாளியின் மேல் ஊதித் தெளித்தார்கள். ஜேம்ஸ் மூனி 1891-இல் எழுதியபடி, செரோக்கி மொழியில் செடியின் பெயரே நீர் முகக்கும் கருவி என்ற பொருள் தருவது. அந்தத் தண்டால் நீரை உறிஞ்சிக் குடிப்பார்கள். அப்பலாச்சியன் பகுதி வெள்ளையர் இதையே 'ஊதுகுழல் களை' என்றார்கள். சிறுநீரகக் கல்லுக்குக் கொடுத்த இடங்களில் 'கல் வேர்' என்ற பெயர் வந்தது. இந்தப் பெயர்கள் எல்லாம் செடி என்ன செய்யும் என்று சொல்கின்றன. ஜோ பை ஒன்றுதான் யார் என்று சொல்கிறது. ஒரு வார்த்தை: இதன் வேரில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன, பழைய மருத்துவக் குறிப்புகளைப் படித்துவிட்டு யாரும் கஷாயம் போட்டுக் குடிக்க வேண்டாம்.

அறிவியல் பெயரிலும் ஒரு மனிதர் இருந்தார். 1753-இல் லின்னேயஸ் இதை யூபடோரியம் இனத்தில் வைத்தார். அந்தப் பெயர் கருங்கடல் ஓரத்துப் பான்டஸ் நாட்டு அரசர் மித்ரிடேட்டஸ் யூபடோரிடமிருந்து வந்தது. விஷமுறிவு ஆராய்ச்சிக்குப் பேர்போன அவர், கி.மு. 63-இல் இறந்தவர், அந்தப் பெயர் கொண்ட செடியை மருந்தாக முதலில் கண்டது அவரே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். மித்ரிடேட்டஸ் அமெரிக்கச் செடியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மலைச்சரிவுகளை மூடி வளரும் மெக்சிகோ நாட்டுச் செடியை நம் வனத்துறையினர் இன்றும் யூபடோரியம் என்றே சொல்கிறார்கள். அந்த அரசர் பெயர் அவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது. ஆனால் ஜோ பை செடியிடமிருந்து அது போய்விட்டது. கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்து அமெரிக்கக் காடுகளில் அலைந்து திரிந்த ரஃபினெஸ்க், 1830-களிலேயே வட்டமாக விரியும் இலைகளை வைத்து இதைத் தனி இனமாக்கி யூட்ரோக்கியம் என்று பெயரிட்டார். 'நல்ல சக்கரம்' என்பது அதன் பொருள். யாரும் ஏற்கவில்லை. 1970-இல் கிங்கும் ராபின்சனும் 'யூபடோரியத்தின் உடன்பிறப்பு' என்ற பொருளில் இன்னொரு பெயர் வைத்தார்கள். கடைசியில் டி.என்.ஏ. ஆய்வுகள் பிரிவை உறுதி செய்ய, 2004-இல் ரஃபினெஸ்க் வைத்த பெயரே திரும்ப வந்தது. இன்று இந்த இனத்தில் ஐந்து சிற்றினங்கள் இருக்கின்றன. ஐந்தையும் மக்கள் ஜோ பை என்றே அழைக்கிறார்கள்.

இப்போது பெயருக்கு வேறொரு பக்கத்திலிருந்து இடைஞ்சல் வருகிறது. பட்டாம்பூச்சித் தோட்டம் போடுகிறவர்கள் இந்தச் செடியை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் 'களை' என்று எழுதினால் விற்காது என்று நர்சரிக்காரர்கள் நினைக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் 'வீட்' என்றால் மூலிகை, செடி என்றுதான் பொருள். அமெரிக்கக் காட்டுப் பூக்கள் பலவற்றுக்கு அது வாலாக ஒட்டிக்கொண்டிருப்பதும் அப்படித்தான். இதை விளக்கப் பெயர்ப்பலகையில் இடம் ஏது? அதனால் 'வீட்' உதிர்கிறது. குட்டையாக வளரும் வகைகளுக்கு 'லிட்டில் ஜோ', 'பேபி ஜோ' என்று பெயர் வைத்தபோது 'பை'யும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பது செல்லமான ஒரு ஜோ மட்டும், கறுங்கண் சூசனைப் போல யாருமல்லாத ஒருவன். களை என்ற வாலை வெட்டட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பை என்ற பெயரை வெட்டக் கூடாது. தாவரவியல் தோட்டங்கள் பெயர்ப்பலகையில் காய்ச்சல் கதை எழுதும் இடத்தில், மொஹிகன் தலைவர் ஜோசப் ஷாக்வெத்க்வீட், ஸ்டாக்பிரிட்ஜ் என்று ஒரு வரி எழுதலாம். 2017-க்குப் பிறகு அதை எழுதாமல் விட எந்தக் காரணமும் இல்லை.